கேட்காமல் எடுத்துக்கொள்வது பற்றி: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்கு முன் நான் எழுதும் கடிதத்தில் வருகைப்பதிவு, சீருடை, தலைமுடி இவைதான் வழக்கமாக இருக்கும். இம்முறை அவற்றை வகுப்பாசிரியர்களிடம் விட்டுவிட்டேன். இந்தப் பருவத்தில் என் அறைக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் செல்போன் சம்பந்தப்பட்டவை. அவற்றில் இரண்டு வகையைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. ஒருவரின் பெயரையும் எண்ணையும் முகத்தையும் வைத்து இன்னொருவர் ஏமாற்றுவது ஒன்று. ஒருவர் எழுதியதை, வரைந்ததை, படமெடுத்ததை இன்னொருவர் தனதாக்கிக்கொள்வது மற்றொன்று. முதலாவதில் பறிகொடுப்பது நாம் என்பதால் அலறுகிறோம். இரண்டாவதில் பெரும்பாலும் எடுப்பவர்களே நாம்தான். அதனால் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் அம்மாவுக்குச் சென்ற மாதம் ஓர் அழைப்பு வந்தது. "கல்வித்துறையிலிருந்து பேசுறோம், உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று தொடங்கியவர், மாணவியின் பெயர், வகுப்புப் பிரிவு, அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்றார். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "நமக்குப் பணம் வர்றதுக்கு நாம எதுக்கும்மா பின் போடணும்?" மறுமுனையில் இருந்தவர் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் கேட்டதுதான் சரி. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போடச் சொன்னால் பணம் நம்மைவிட்டுப் போகிறது என்று பொருள். உதவித்தொகைக்காகக் கல்வித்துறையோ, நம் பள்ளி அலுவலகமோ, நானோ உங்களிடம் ஓடிபி கேட்க மாட்டோம். என் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு "நான் ஹெச்.எம். பேசுறேன், அவசரம்" என்று ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்தாலும் நம்பாதீர்கள். பள்ளி எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு விவரமும் அந்த ஆளுக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? நாம் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால் கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆதாரைப் படமெடுத்து ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறோம். வேலை முடிந்ததும் அதை அழிக்கச் சொல்லி நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? மதிப்பெண் பட்டியலைப் பதிவெண், பிறந்த தேதியோடு ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, வயது எல்லாம் சேர்த்து முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம்.

ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முழு எண்ணும் அவர்களுக்கு அவசியமில்லை என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் தரவிறக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். தாளில் கொடுக்கும் நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை இருக்கலாம் என்பதால், நமக்கே தெரியாமல் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருந்தாலும் சந்தேகம் வராது. பள்ளித் தரப்பிலும் ஒரு மாற்றம் செய்கிறோம். இனி சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எதையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் போதும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் கை மாறி எங்கோ போவதற்கு முன் தகவல் சேர்ந்தால்தான் கணக்கை முடக்க வழியுண்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு மறுநாள் அழைப்பதில் பெரிதாகப் பயன் இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். நம் மாணவி ஒருவரின் படத்தை வைத்து இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு ஒன்று தொடங்கி, அவர் பேசுவதுபோல் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். யார், எந்த வகுப்பு என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். வீட்டில் ஊகிக்கவும் வேண்டாம். செய்தவர்களைக் கண்டுபிடித்துப் பேசியபோது வந்த பதில், "சும்மா விளையாட்டுக்கு, சார்." அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்தவரின் பாஸ்வேர்டையோ அவருக்கே உரிய அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. தண்டனை அதே அளவுதான். 18 வயது ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். வழக்கே இல்லாமல் போய்விடாது. கல்லூரியில் படிக்கும் மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள்: "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் தட்டுவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான்.

இனி இரண்டாவது வகை. சமீபத்தில் நடந்த கட்டுரைப் போட்டியில் ஒரு மாணவர் நீர் மேலாண்மை பற்றி அழகான கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவே, அதே கையெழுத்தில், "மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்" என்று இருந்தது. ஆசிரியர்கள் அறையில் சிரித்தோம். ஆனால் ஒப்படைப்பைக் கடையில் காசு கொடுத்து வாங்கித் தரும் பெற்றோரும் நம்மில் இருக்கிறார்கள். அந்தச் சார்ட்டில் பிள்ளையின் உழைப்பு பெயர் எழுதியது மட்டும்தான். கோணல் மாணலாக இருந்தாலும் அவரவர் செய்ததே எங்களுக்கு வேண்டும், மதிப்பெண்ணும் அதற்குத்தான். எங்கிருந்து எடுத்தார் என்று கடைசியில் இரண்டு வரி எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு.

பதிப்புரிமைச் சட்டம் படிப்புக்கு எதிரானது என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். 1957ஆம் ஆண்டுச் சட்டமே ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பாடத்துக்குரிய பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுத்த கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு வரை போன பதிப்பகங்கள் 2017இல் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதற்காக ஒரு கைடை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து டெலிகிராமில் பரப்புவதைப் பாடம் நடத்துவது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆண்டு விழாவுக்கும் இதேபோல் ஒரு சலுகை உண்டு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னிலையில் மட்டும் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாம். அதையே முழுப்பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் அந்தச் சலுகைக்கு வெளியே போய்விடுகிறோம். பிறகு வீடியோவை முடக்கிவிட்டார்கள் என்று என்னிடம் வந்து பயனில்லை. முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்த் தலைவர் என்ட்ரியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது நம் ஊரில் ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டரில் பதிவு செய்தால் குறைந்தபட்சத் தண்டனையே 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும். நோக்கம் அது இல்லை என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பதைவிட, போனைப் பையில் வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

பாரதியார் படைப்புகள் நாட்டுடைமைதானே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பாரதி எழுதியதைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள நாட்டுடைமை இடம் தரவில்லை.

உங்கள் பிள்ளை வரைந்த ஓவியத்துக்கும் எழுதிய கவிதைக்கும் உரிமை உங்கள் பிள்ளையுடையது. எங்கும் பதிவு செய்யாமலே, படைத்த அந்த நேரத்திலேயே அது வந்துவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு முதல் பள்ளி மலரிலும் நாட்காட்டியிலும் மாணவர் படைப்பையோ படத்தையோ அச்சிடுவதற்கு முன் உங்களிடம் அனுமதி கேட்கப் போகிறோம். படிவம் இத்துடன் இருக்கிறது. விருப்பமில்லை என்றால் "வேண்டாம்" என்று எழுதலாம். காரணம் கேட்க மாட்டோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். செல்போனைக் கொண்டுவாருங்கள். கணினி ஆசிரியர் உட்கார்ந்து உங்கள் பெயரில் உள்ள சிம் எண்ணிக்கையைப் பார்க்க உதவுவார். ஓடிபி வந்தால் அவரிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள். நிரப்பிய படிவத்தை அன்றே கொடுத்துவிடலாம். அதில் உங்கள் கையெழுத்துக்கு மேலே பிள்ளையின் கையெழுத்துக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறோம். அதையும் நீங்களே போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்