நரம்பு வேற, ரத்தக்குழாய் வேற சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்துல, கால்ல பச்சையா புடைச்சுக்கிட்டு வர்ற வியாதியப் பத்தி எழுதியிருந்தீங்க. விஷயமெல்லாம் சரிதான், ஆனா தலைப்புல நரம்பு சுருட்டல்னு போட்டது பத்தாதுன்னு உள்ளேயும் "நரம்பில் ரத்தம் தேங்குவதால்"னு நாலு எடத்துல வந்திருக்கு. நரம்பு ரத்தம் ஓடுற குழாய் இல்ல சார். கால்ல புடைக்கிறது சிரை, அதாவது ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற குழாய், அதுக்குள்ள இருக்குற வால்வு பழுதாகி, மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்கிப்போய் குழாய் வீங்கிச் சுருண்டுக்குது. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம், ஊசி போடுற நர்ஸே கையத் தட்டித் தட்டிப் பாத்துட்டு "நரம்பே சிக்க மாட்டேங்குது"ன்னுதான் சொல்றாங்க. பேச்சுல வந்தா போகட்டும், பேப்பர்லயே வந்துட்டா அப்புறம் அதுதான் நெசம்னு ஆயிடுது. எங்க அத்தை இந்தக் கால் வியாதிக்கு நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு அரை நாள் உக்காந்திருந்தாங்க, அவரு காலப் பாத்துட்டு "இதுக்கு ரத்தக்குழாய் டாக்டரப் பாக்கணும்மா"ன்னு அனுப்பிட்டாரு. ஃபீஸ் மட்டும் வாங்கிக்கிட்டாங்க.

எனக்கு நடந்தது இதுக்கு நேர் தலைகீழ். மளிகைக்கடை வச்சிருக்கேன், இடது முழங்கைய மேசை விளிம்புல ஊனிக்கிட்டு கல்லாவுல உக்காந்தே பழக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி சுண்டுவிரல் மரத்துப்போய், உள்ளங்கையில வச்ச சில்லறை அந்தப் பக்கமா நழுவி நழுவி விழ ஆரம்பிச்சுது. ரத்த ஓட்டம் இல்லன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க, நானும் மூணு மாசம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். கடைசியா ஒரு டாக்டர் குண்டூசி முனையால ஒவ்வொரு விரலா தொட்டுக்கிட்டு வந்து மோதிரவிரல்ல நின்னாரு. சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மரக்கட்டை, நடுவிரல் பக்கத்துப் பாதி சுருக்குன்னு குத்துது. ஒரே விரல்ல! நடுவுல பேனாவால கோடு வேற போட்டுக் காட்டுனாரு, ரத்த ஓட்டக் கோளாறு இப்படி விரலப் பாதியா பங்கு போடாதுப்பா, நரம்புக்குத்தான் இந்த மாதிரி எல்லை உண்டுன்னாரு.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளிய ஓடுறது எல்லாம் புற நரம்பு மண்டலம். மூளையோட சேந்தது 12 ஜோடி, தண்டுவடத்துலேருந்து கெளம்புறது 31 ஜோடி, அதுல கழுத்துக்கு மட்டும் 8 (கழுத்து எலும்பு 7 தான், முதல் ஜோடி முதல் எலும்புக்கு மேலயே வெளிய வந்துடுது). ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வேர், பின்பக்க வேர் தொடு உணர்ச்சி, வலி, சூடு எல்லாத்தையும் உள்ள கொண்டுபோகும், முன்பக்க வேர் தசைக்கு உத்தரவு கொண்டுவரும், ரெண்டும் சேந்து ஒரே நரம்பாகும். கழுத்துல கடைசி நாலும் மார்புல முதல் ஒண்ணும் சேந்து தோள்பட்டைகிட்ட சடை மாதிரி பின்னிப் பிரிஞ்சு கைக்கு வருது. அதுல ஒரு கிளைதான் முழங்கை உள்பக்க எலும்புக்குப் பின்னாடி, தோலுக்கு ரொம்ப கிட்டக்க ஓடி சுண்டுவிரலுக்குப் போகுது. முழங்கைய எங்கயாவது இடிச்சுக்கிட்டா கரண்ட் அடிச்ச மாதிரி ஜிவ்வுனு இழுக்குமே, அது எலும்புல பட்டதுனால இல்ல, இந்த நரம்புல பட்டதுனால. நான் வருஷக்கணக்கா ஊனி நசுக்குனதும் இதத்தான்.

நரம்புக்கு டெஸ்ட்டும் வேற சார். தோல் மேல சின்னச் சின்னதா ஷாக் கொடுத்து சிக்னல் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாப்பாங்க, எனக்கு முழங்கைகிட்ட வந்ததும் வேகம் குறைஞ்சுது. அத்தைக்கு கால்ல டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க, அது குழாய்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்குறது.

அதனால அடுத்த தடவை சிரைன்னு போடுங்க, புரியாதுன்னு தோணுச்சுன்னா ரத்தக்குழாய்னாவது போடுங்க. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வந்தா நல்லா இருக்கும், அத்தைக்குப் படிச்சுக் காட்டணும், அவங்க இன்னும் நரம்பு டாக்டர் தன்ன ஏமாத்திட்டாருன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர், விருதுநகர்