தேசியப் பூங்கா பாஸ்: ரிசர்வ், முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கவனிக்க

வணக்கம். கோடைப் பயணம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ராணுவக் குடும்பங்களான நமக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் பாஸ் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரிசர்வ் (பகுதிநேரத் துணைப்படை), நேஷனல் கார்டு (மாநிலங்களின் காவல்படை, National Guard), முழுநேரப் பணியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஓராண்டு பாஸ். துணைவரும் பிள்ளைகளும் தங்கள் ராணுவ அடையாள அட்டையைக் காட்டித் தாங்களே வாங்கலாம். வீட்டுக்காரர் டிரில்லுக்கு, அதாவது படைப் பயிற்சிக்கு, போயிருந்தாலும் நீங்கள் கிளம்பலாம்.

முன்னாள் படைவீரர்களுக்கும் கோல்டு ஸ்டார் குடும்பங்களுக்கும் (படைப்பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்கள்) 2022 நவம்பர் 11 முதல் ஆயுள் பாஸ். இதில் ஒரு சிக்கல்: பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் காரில் இருக்க வேண்டும். அவர் இருந்தால் அந்தக் காரில் வருகிற எல்லோரும் இலவசம். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடங்களில் அவரோடு 3 பெரியவர்கள். 16 வயதுக்குக் கீழே எப்போதுமே காசில்லை.

சான்றுக்கு டிடி 214, அதாவது படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிச் சான்றிதழ், போதும். நான் அதை வீட்டு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, 6 மணி நேரம் வண்டி ஓட்டிப் பூங்கா வாசலில் போய் நின்றவன்! டிரைவிங் லைசென்ஸில் ‘வெட்டரன்’ (முன்னாள் படைவீரர்) என்று அச்சிட்டிருந்ததால் தப்பித்தேன். ரேஞ்சர் அம்மா அதைப் பார்த்ததும் பாஸை எடுத்து நீட்டிவிட்டார்.

கேம்பிங் கட்டணம் தனி. நெரிசலான சில பூங்காக்களுக்கு முன்பதிவும் வேண்டும், பாஸ் இருந்தாலும்கூட. அப்புறம், தபாலில் வரவழைத்தால் செலவு உண்டு; வாசலில் வாங்குங்கள்.