முளைகட்டிய பயறு பற்றி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உணவு, நலவாழ்வுப் பக்கங்களின் ஆசிரியர்களுக்கும், முளைப்பயறுப் பொட்டலங்களுக்கு வாசகம் எழுதுவோருக்கும் வணக்கம்.

"முளைகட்டினால் ஆன்டி ஆக்ஸிடன்ட் பல மடங்கு பெருகும்." உங்கள் கட்டுரைகளிலும் பொட்டலங்களிலும் இந்த வரி ஓயாமல் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆன்டி ஆக்ஸிடன்ட்களை, அதாவது ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு நேரும் சேதத்தைத் தடுக்கும் பொருள்களை, அளப்பதே வேலையாக இருக்கும் எங்களுக்கு இது கவலை தருகிறது. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போகலாம். பாதி உண்மையாக இருப்பதுதான் சிக்கல். எந்தப் பயறு, எத்தனை மணி நேரம் முளைத்தது, அளந்தது ஈர எடையிலா உலர் எடையிலா, சாப்பிடப்போவது பச்சையாகவா வேகவைத்தா? இந்த நான்கையும் சொல்லாமல் "பல மடங்கு" என்று எழுதுவதில் எந்தத் தகவலும் இல்லை.

முதலில் எடைக் கணக்கு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. உலர்ந்த பச்சைப்பயறில் ஈரம் சுமார் 10 சதவீதம். நன்கு நீண்ட முளையில் ஈரம் சுமார் 90 சதவீதம். ஒரு எடுத்துக்காட்டுக்கு, 100 கிராம் உலர் பொருளில் பாலிஃபீனால் (ஃபீனால் குடும்பத்து ஆன்டி ஆக்ஸிடன்ட்) 200 அலகு இருந்து, முளைத்தபின் 400 ஆனது என்று வைத்துக்கொள்வோம். உலர் எடையில் இரு மடங்கு. ஆனால் தட்டில் விழும் 100 கிராம் முளையில் உலர் பொருள் 10 கிராம்தான். அதாவது 40 அலகு. அதே 100 கிராம் உலர்பயறிலோ 180 அலகு. ஒருவர் "இரட்டிப்பானது" என்று எழுதலாம், மற்றொருவர் "கால் பங்குக்கும் கீழே போனது" என்று எழுதலாம். இரண்டும் ஒரே மாதிரியிலிருந்து வந்த எண்கள்தான்.

இதற்குள் இன்னொரு நுட்பமும் உண்டு. முளைக்கும் விதை மூச்சுவிடுகிறது. தன் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எரிக்கிறது. உலர் பொருளில் 15 சதவீதம் அப்படிக் கரைந்துபோனால், புதிதாக எதுவுமே உண்டாகாவிட்டாலும் மீதமிருப்பவற்றின் செறிவு ஏறத்தாழ 18 சதவீதம் கூடியதுபோலத் தெரியும். ஆகவே நேர்மையான ஒப்பீடு என்பது, ஒரு கைப்பிடி விதையில் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, அதே கைப்பிடி முளைத்து முடிந்தபோது எவ்வளவு இருக்கிறது என்பதே.

இனி விதைக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஊறவைத்த முதல் சில மணி நேரத்தில் நடப்பது பெருக்கம் அல்ல, இழப்பு. கருநிற, செந்நிறப் பீன்ஸையோ தோலோடு இருக்கும் மசூரையோ ஊறவைத்த பாத்திரத்தைப் பாருங்கள்: நீர் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறி, மேலே மெல்லிய நுரை கட்டியிருக்கும். அந்த நிறம் விதையுறையிலிருந்து கரைந்த, துவர்ப்பு தரும் டானின்களும் பிற ஃபீனால்களும்தான். நிறம் அடர்ந்த பயறுகளில் ஆன்டி ஆக்ஸிடன்ட் பெரும்பகுதி தோலில் இருப்பதால், முதல் நாளில் மொத்த அளவு குறைந்தே காணப்படலாம். நீரைக் கொட்டத்தான் வேண்டும். வாயு உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளும் அதோடு போகின்றன. ஆனால் "ஊறிய உடனே சத்து கூடுகிறது" என்று எழுதாதீர்கள்.

அதன்பின் கதை மாறுகிறது. உலர்ந்த பயறில் இல்லாத அளவுக்குக் குறைவாக இருந்த வைட்டமின் சி, மூச்சுவிடுதல் வேகமெடுத்ததும் விதையின் சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகிறது. முளைகட்டுவதால் கிடைக்கும் மிகத் தெளிவான, எவரும் மறுக்காத ஆதாயம் இதுதான். பச்சைப்பயறு முளையில் 100 கிராமுக்குச் சுமார் 13 மில்லிகிராம். ஆரஞ்சில் அது 50-ஐ ஒட்டி இருக்கிறது. முளையில் இருப்பது பயனுள்ள அளவுதான், அற்புதம் அல்ல. இன்னொரு பக்கம், பினைல்அலனின் அம்மோனியா லையேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு புதிய ஃபீனால்களுக்கான பாதையைத் திறக்கிறது. செல்சுவரில் ஒட்டிக்கிடந்த ஃபீனால்களும் நொதிகளால் தளர்ந்து விடுபடுகின்றன. இந்த இரண்டாவது வகையில் எதுவும் கூடவில்லை, கட்டுண்டிருந்தது அவிழ்ந்திருக்கிறது. விடுபட்ட ஃபீனாலையே பெரும்பாலும் கரைக்கும் மெத்தனாலில் மட்டும் சாறெடுத்து அளப்பவருக்கு அதுவும் உயர்வாகவே தெரியும்.

எல்லாப் பயறும் ஒன்றுபோல் நடப்பதில்லை. பச்சைப்பயறின் முக்கிய ஃபிளாவனாய்டுகளான (ஃபீனாலில் ஒரு வகை) வைடெக்ஸினும் ஐசோவைடெக்ஸினும் பெரும்பாலும் பச்சைத் தோலிலேயே உள்ளன. முளை பார்வையாக இருக்கட்டும் என்று மிதக்கும் தோலை வழித்துக் கொட்டினால் அவையும் போய்விடும். சோயாவில் சர்க்கரையோடு பிணைந்த ஐசோஃபிளாவோன்களில் (இவையும் ஃபிளாவனாய்டுகளே) ஒரு பகுதி பிணைப்பு அறுந்து தனி வடிவத்துக்கு வருகிறது. அங்கே எவ்வளவு என்பதைவிட எந்த வடிவம் என்பதே முக்கியம். உடைத்த பருப்பு முளைக்காது, அதில் முளைக்கரு சிதைந்திருக்கும்.

சோதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில், அந்த வேதிப்பொருளின் ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளிறுவதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். டிபிபிஹெச் மனித உடலில் எங்கும் இல்லை. மொத்த ஃபீனால் காட்டும் ஃபோலின் சோதனையின் நீலநிறத்துக்கு வைட்டமின் சியும் டைரோசின் போன்ற அமினோ அமிலங்களும் பங்களிக்கின்றன. முளைக்கும்போது இவையும் கூடுவதால், "ஃபீனால் உயர்வு" என்று வெளியாகும் எண்ணில் ஒரு பகுதி ஃபீனாலே அல்ல. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் தன் ஓராக் மதிப்புப் பட்டியலை 2012-இல் திரும்பப் பெற்றதற்குக் காரணமும் இதை ஒட்டியதே: சோதனைக்குழாயில் கிடைக்கும் எண் உடல்நலப் பயனைக் காட்டுவதில்லை. அந்த எண்ணிலிருந்து "புற்றுநோயைத் தடுக்கும்" என்று தாவுவதை நாங்கள் வன்மையாக எதிர்க்கிறோம். நோயுற்றவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

செய்முறை எழுதும்போது அளவுகளோடு எழுதுங்கள். 100 கிராம் பச்சைப்பயறுக்கு 400 மில்லி குடிநீர், 25 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 10 மணி நேரம். கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம். அதைத் தாண்டி நீரிலேயே கிடந்தால் விதைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. புளித்த வாடை வரும், முளைக்கரு சாகும். நீரை முழுவதும் வடித்து, இரண்டு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்பி, 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அலசி வடிக்க வேண்டும். குவித்து வைத்தால் மூச்சுவெப்பத்தில் நடுப்பகுதி சூடேறிக் கொழகொழப்பாகும். 24 மணி நேரத்தில் வேர் எட்டிப்பார்க்கும், ஆனால் வைட்டமின் சி அப்போதுதான் தொடங்கியிருக்கும். 48 மணிக்குப் பிறகே குறிப்பிடத்தக்க அளவு சேரும். வெளிச்சம் பட்டால் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளான கரோட்டினாய்டுகளும் ஃபீனால்களும் கூடும், கூடவே கசப்பும் நாரும் ஏறும். விதைப்புக்கென்று மருந்து தடவிய விதையை உண்ணவே கூடாது. இதை ஒவ்வொரு கட்டுரையிலும் சேருங்கள்.

வேகவைக்கும்போது நிறைய நீர் விட்டு வடித்தால் வைட்டமின் சி நீரோடு போகும். ஆவியில் வேகவைப்பது மேல். சமையல் சோடா போட்டால் காரத்தன்மையில் வைட்டமின் சி விரைவாகச் சிதையும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவின் பொட்டலத்தில் பச்சை முளையின் வைட்டமின் சி அளவை அச்சிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். உலர்த்தும்போதும் சேமிப்பிலும் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும்.

பாதுகாப்புதான் உங்கள் எழுத்தில் மிகவும் விடுபட்டுப்போவது. முளைக்கு வேண்டிய வெப்பமும் ஈரமும் சால்மொனெல்லா, இ.கோலை ஆகிய நோய்க்கிருமிகளுக்கும் அப்படியே பொருந்தும். கிருமி விதையுறையின் விரிசலுக்குள் இருந்தால், எத்தனை முறை அலசினாலும் போகாது. 2011-இல் ஜெர்மனியில் பரவிய இ.கோலை நோய்க்கு முளைகட்டிய வெந்தயமே மூலம் என்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்புக் குன்றியோர் முளைப்பயறைப் பச்சையாக உண்ணக் கூடாது. நன்கு சூடேற்றினால் வைட்டமின் சியில் கொஞ்சம் போகும், போகட்டும். சிவப்புக் கிட்னி பீன்ஸில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. முளைகட்டுவதை நம்பி அதைப் பச்சையாகத் தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் பாத்திரம் இதற்கு ஆகாது.

பொட்டல வாசகத்துக்கு இடம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். இவ்வளவு போதும்: "பச்சைப்பயறு முளை, 48 மணி நேரம் வளர்த்தது. 100 கிராம் ஈர எடையில் வைட்டமின் சி இத்தனை மில்லிகிராம், பொட்டலமிட்ட நாளில் அளந்தது. 5 டிகிரிக்குக் கீழே வைக்கவும். நன்கு வேகவைத்து உண்ணவும்." எண்ணை அளக்காவிட்டால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற மூன்றையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்