நோட்டுப் புத்தகத்தில் கடைசிக் கட்டம்

மேஜர் லீக் பேஸ்பால் அணிகளின் உரிமையாளர்கள் முப்பது பேருக்கும், ஆணையருக்கும்,

வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்ற சிறு நகரத்திலிருந்து எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வரும். மனதில் இருப்பதை எனக்குத் தமிழில்தான் முதலில் எழுத வரும். இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருக்கும் தமிழர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

2020-இல் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்தவர்கள் நீங்கள். உங்கள் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை அனுப்பி வளர்க்கும் மைனர் லீக்கில் 160 அணிகள் இருந்தன, அதை 120 ஆக்கினீர்கள். எங்கள் அணி ஆடிய, 1939-இல் தொடங்கிய நியூயார்க்-பென் லீக் அதோடு கலைந்தது. 2002 முதல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் இளம் ஆட்டக்காரர்கள் வந்து ஆடிய எங்கள் ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ் அணிக்கு உங்கள் பட்டியலில் இடம் இல்லாமல் போனது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். மிச்சம் இருக்கும் 120 அணிகளில் ஒன்றைக்கூட இனிக் குறைக்காதீர்கள். 2021-இல் நீங்கள் கொடுத்த பத்தாண்டு உரிமங்கள் 2030-உடன் முடிகின்றன. அதற்குப் பிறகும் குறைக்க மாட்டோம் என்று இப்போதே எழுத்தில் சொல்லுங்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து இதை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். போன ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் பதினொரு வயது மகளோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். ஜோசப் ப்ரூனோ ஸ்டேடியம் என்பது அதன் முழுப் பெயர், ஊரில் எல்லோருக்கும் அது 'தி ஜோ'. நான்காயிரத்து ஐந்நூறு பேர் உட்காரலாம். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவன்) இடது பக்கம் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்து, முழங்கால் தரையில் இருக்கும்போதே முதல் பேஸுக்கு எறிந்து ஆளை அவுட் ஆக்கினான். மகள் எழுந்து நின்று கத்தினாள். அப்புறம் என் மடியில் இருந்த நோட்டை எடுத்து அவன் பெயரை எழுதிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இவன் அடுத்து எந்த டீமுக்குப் போவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் வாயடைத்துப் போனேன் என்பது புரியும். சென்னையில் லீக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். டிக்கெட் இல்லாமல் மரத்தடியில் நின்று, நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவனை இன்றைக்கே பார்த்துவிடுவதில் ஒரு சுகம் உண்டு. 2004-இல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் வேலிகேட்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆட்டம் பாதிதான் புரிந்தது. ஆனால் இந்தப் பையன்களில் பலர் அப்போதுதான் டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுக்கப்பட்டவர்கள், இங்கிருந்துதான் படி ஏறத் தொடங்குவார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம். பெயர், எங்கிருந்து வந்தவர், நான் பார்த்த தேதி, ஒரு வரிக் குறிப்பு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'இப்போது எங்கே'. முதல் நான்கையும் மைதானத்திலேயே நிரப்பிவிடுவேன். கடைசிக் கட்டம் டிசம்பர் மாத வேலை. வெளியே பனி கொட்டும்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து, யார் எங்கே போனார்கள் என்று தேடித் தேடி எழுதுவேன். லெக்சிங்டன், கார்பஸ் கிறிஸ்டி, ரவுண்ட் ராக் என்று ஊர்ப் பெயர்கள் ஏறிக்கொண்டே போகும். பல பெயர்களுக்கு எதிரே 'ஆட்டத்தை விட்டுவிட்டார்' என்றுதான் எழுத வேண்டி வரும். அதை எழுதும்போதும் மனம் கஷ்டப்படும். ஆனால் அதுவும் ஒரு பதில்தானே.

2004-ஆம் ஆண்டுப் பக்கத்தில் பென் ஸோப்ரிஸ்ட் இருக்கிறார். 'பந்தைப் பொறுத்துப் பார்க்கிறார், அவசரமே இல்லை' என்று எழுதியிருக்கிறேன். 2009-இல் ஒரே கோடையில் இரண்டு பேர். ஒருவர் ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்ட டாலஸ் கைக்கல், 2015-இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். இன்னொருவர் வெனிசுவேலாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன், அணியிலேயே குள்ளம். 'உயரம் இல்லை. கை ரொம்ப வேகம். விடாமல் கவனிக்க வேண்டும்' என்பது குறிப்பு. ஹோசே அல்டூவேதான் அது. தேர்வு முகாமில் உயரத்தைப் பார்த்து மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியும், மறுநாள் போய் நின்றவர். பதினைந்தாயிரம் டாலருக்கு ஒப்பந்தம் ஆனவர். அவருடைய கடைசிக் கட்டத்தில் நான் மூன்று பேட்டிங் பட்டங்களையும் 2017-இன் எம்விபி (மிகவும் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதையும் எழுத இடம் போதாமல், ஓரத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். 2011-இல் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் எட்டே ஆட்டம்தான் இங்கே ஆடினார். அதில் ஒன்றைப் பார்த்தேன்.

மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 2016-இன் சிறந்த ஆட்டக்காரர் ஸோப்ரிஸ்ட். 2017-இல் ஸ்பிரிங்கர். அடுத்தடுத்த இரண்டு வருடமும் அந்த விருது எங்கள் ஊர் மண்ணில் ஓடிய கால்களுக்குப் போனது. ஆஸ்ட்ரோஸ் வென்ற அந்த 2017 கோப்பையின் மேல், எதிரணியின் சைகைகளைக் கேமராவில் பார்த்துத் திருடிய கறை இருக்கிறது. ஆஸ்ட்ரோஸ் ரசிகனாக அந்த வெட்கத்தை நான் இன்றும் சுமக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் 2025 அக்டோபரில், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில், டொராண்டோ சட்டையில் ஸ்பிரிங்கர் அடித்த அந்த மூன்று ரன் ஹோம் ரன்னை எங்கள் வீட்டில் பார்த்தபோது, மகள் ஓடிப்போய் நோட்டில் 2011-ஐத் திறந்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

அந்த நோட்டில் 2019 செப்டம்பருக்குப் பிறகு கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி. 2020-இல் கொரோனாவால் மைனர் லீக் ஆட்டமே நடக்கவில்லை. ஆக, 2019-இன் கடைசி ஆட்டத்தில் எழுந்து நின்று கை தட்டியபோது, அதுதான் ஆஸ்ட்ரோஸின் பிள்ளைகளுக்கு நாங்கள் தட்டும் கடைசிக் கைதட்டல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போய் வருகிறேன் என்று சொல்லக்கூட விடாமல் செய்துவிட்டீர்கள்.

வேலிகேட்ஸ் மூடிவிடவில்லை. அதற்கு அவர்களுக்குக் கோடி நன்றி. இப்போது எந்த மேஜர் லீக் அணியின் கீழும் இல்லாத ஃப்ரான்டியர் லீக்கில் ஆடுகிறார்கள். பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு மேலே ஏணி இல்லை. ஒன்றிரண்டு பேரை எப்போதாவது ஒரு மேஜர் லீக் அணி ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது. மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது அதனால்தான். அவள் அந்த ஷார்ட்ஸ்டாப்பின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தாள். ஏன் பேனா இல்லையா என்றேன். "யாராவது எடுத்துக்கிட்டா பேனாவால எழுதிக்கலாம்ப்பா" என்றாள்.

இந்த ஏணியின் அருமை தெரிய வேண்டுமானால் 2022 ஜூனில் நீங்கள் ட்ராய்க்கு வந்திருக்க வேண்டும். முந்தைய வருடம் டிராஃப்டில் மெட்ஸ் அணி பத்தாவதாகத் தேர்ந்தெடுத்தும் ஒப்பந்தம் கைகூடாமல் நின்ற குமார் ராக்கர், எங்கள் அணிக்கு ஆட வந்தார். அம்மா வழியில் இந்திய வேர் உள்ள பிள்ளை. ஒலிபெருக்கியில் "குமார்" என்று கேட்டதும் எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு தமிழ்க் குடும்பமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிளேட்டுக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து ஆட்டம், இருபது இன்னிங்ஸ், 32 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஜூலையில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. 2024 செப்டம்பர் 12-இல் மேஜர் லீக்கில் பந்து வீசினார். நீங்கள் வேண்டாம் என்று விட்ட மைதானம்தான் உங்களுக்கு அவரைக் காட்டியது. உங்கள் ஆட்கள் அந்த நான்கு வாரமும் வந்தார்கள். அவர் போனதும் அந்த இருக்கைகள் காலியாகிவிட்டன.

நியாயமாகவும் பேச வேண்டும். நீங்கள் நல்லதும் செய்திருக்கிறீர்கள். 2019-இல் எங்கள் மைதானத்தில் ஆடிய பையன்களுக்கு வாரச் சம்பளம் 290 டாலர்தான், அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும். இன்றைக்குத் தங்க இடம் தருகிறீர்கள். 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல்முறையாகக் கூட்டு ஒப்பந்தம் வந்தது, மைனர் லீக்கின் கீழ்ப்படியான சிங்கிள்-ஏ ஆட்டக்காரரின் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு மேஜர் லீக் அணி வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையை 180-லிருந்து 165 ஆக்கினீர்கள். டிராஃப்ட் 40 சுற்றாக இருந்தது, 20 ஆக்கினீர்கள். 160 அணி 120 ஆனது. மூன்று எண்ணும் ஒரே திசையில் போகின்றன. அடுத்தது என்ன என்று நாங்கள் பயப்படுவதில் தப்பு இருக்கிறதா?

ஆட்களைக் குறைத்தால் வீணானவர்களைத்தான் குறைக்கிறோம் என்று உங்கள் கணக்கு சொல்லலாம். பெரும் நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-இல் பதின்மூன்றாவது சுற்றில் 402-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். மைக் பியாஸா 1988-இல் அறுபத்திரண்டாவது சுற்று, இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அறுபத்திரண்டாவது சுற்றில் எடுத்தவனுக்கும் ஆட ஒரு மைதானம், பார்க்க ஒரு பயிற்சியாளர், தோற்றுப்போக ஒரு வருடம் கிடைத்தது. பிஞ்சிலேயே தெரிந்துவிடாத ஆட்டக்காரனுக்குத் தேவை அந்த அவகாசம்தான். 1920-களில் பிராஞ்ச் ரிக்கி என்ற அணி நிர்வாகி, இளம் ஆட்டக்காரர்களைக் கீழ் அணிகளில் வளர்க்கும் இந்தப் பண்ணை முறையைக் கட்டியதே நிறைய விதைத்து, முளைப்பதைப் பார்ப்போம் என்றுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டியலில் நீடித்த ஊர்களிடம் நீங்கள் உடைமாற்றும் அறை இப்படி இருக்க வேண்டும், விளக்கு அப்படி இருக்க வேண்டும் என்று விதி போட்டீர்கள். வசதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தைப் பல இடங்களில் ஊர் மக்களின் வரியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் மக்கள் 2024 மே மாதம் புது மைதானத்துக்கான கடன் பத்திரத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் ஏறிக்கிடக்கும் காலத்தில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் போட முடியாத ஊரெல்லாம் அணியை இழக்கட்டும் என்பதுதான் ஏற்பாடா? எங்கள் மைதானமும் மாநில அரசின் பணத்தில் கட்டியதுதான். கட்டித் தந்தோம், வந்து உட்கார்ந்தோம், கை தட்டினோம். அதற்குப் பிறகும் வெளியே நிறுத்தினீர்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

ஹட்சன் வேலி ரெனகேட்ஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போகலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். போயிருக்கிறேன். நல்ல மைதானம், நல்ல அணி. ஆனால் அது யாங்கீஸின் பண்ணை. இருபது வருடமாக ஆஸ்ட்ரோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், அங்கே போய் யார் வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? ஆஸ்ட்ரோஸின் சிங்கிள்-ஏ அணி இப்போது வட கரோலினாவில் ஃபேயட்வில்லில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருமுறை காரில் போய் வந்தோம். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள், நடுவில் இரண்டு ஆட்டம், அதில் ஒன்று மழையில் போனது. ஒரே ஆட்டத்துக்கு நோட்டில் ஏழு பெயர் எழுதினேன். முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் போய் உட்காருவோம்.

எங்கள் அணியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க ஆசைதான். இந்த மடலில் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு நடந்தது இன்னொரு ஊருக்கு நடக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன். பிங்காம்டனிலும் யூஜீனிலும் ஆஷ்வில்லிலும் யாரோ ஒருவர் கையில் இதுபோல ஒரு நோட்டு இருக்கும்.

2030 வரை காத்திருக்க வேண்டாம். 120-ஐக் குறைக்க மாட்டோம் என்று முப்பது பேரும் கையெழுத்துப் போட்டு இரண்டு வரி வெளியிடுங்கள். தயவுசெய்து இந்த உரிமக் காலம் முடிவதற்கு முன்பே செய்யுங்கள். கோடையில் உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் முதல் பேஸ் பக்கம் மூன்றாவது வரிசையில் என்னையும் மகளையும் பார்க்கலாம். நோட்டைக் காட்டுகிறேன்.

மரியாதையுடன்,
ட்ராயிலிருந்து ஒரு ரசிகன்