அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்காதீர்கள்

அன்புத் தோழிக்கு,

குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசும் நம் குழுவை அடுத்த மாதத்திலிருந்து நடத்தும் இருவரில் ஒருவராக இருக்கச் சம்மதித்திருக்கிறீர்கள். அண்ணனின் குடியைச் சுமந்துகொண்டு இரண்டு ஆண்டுகள் இதே வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். ஆனாலும் எழுதவேண்டியது நிறைய இருக்கிறது. வட்டத்தில் உட்காருவது ஒரு வேலை, வட்டத்தைக் காப்பது வேறொரு வேலை.

முதலில் ஒரு கேள்வியைக் கைவிடுங்கள்: "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" உறவினர், பக்கத்து வீட்டார், மருத்துவர் என்று எல்லாரும் கேட்டுத் தேய்ந்த கேள்வி அது. அதைக் கேட்டதும் வந்திருப்பவர், கணவர் எத்தனை நாள் குடிக்கவில்லை, நேற்று எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று கணக்கு ஒப்பிக்கத் தொடங்குவார். இருபது நிமிடம் பேசியும் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்க மாட்டார். மாறாக, "இந்த வாரம் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். பலருக்குச் சட்டென்று பதில் வராது. அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான அளவு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் பன்னிரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் போய்விடும். விதிகளை வாசிக்கவும் முடித்துவைக்கவும் மீதி நேரம் வேண்டும். இதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். புதிதாக யாரும் வராத நாளிலும் விதிகளைச் சத்தமாக வாசியுங்கள். ஒருவர் இன்னொருவருக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினால், "தொடக்கத்தில் வாசித்தோமே, அவரவர் அனுபவத்தை மட்டும் பேசுவோம்" என்று சொன்னால் போதும். யாரையும் கண்டித்ததாக ஆகாது. வாசிக்காத நாளில் அதே வார்த்தை அவமானமாக விழும்.

ரகசியம் பற்றிய விதியில் கவனம் தேவை. "இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது" என்று மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு ஆபத்து, சொல்பவரின் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, இந்த மூன்றிலும் நாம் உதவி கூப்பிடுவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு கூப்பிட நேர்ந்தால், நம்பிச் சொன்னவர் உங்களை மட்டுமல்ல, உதவி என்று வருகிற யாரையும் மறுபடி நம்பமாட்டார்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் என்ற சுயஉதவி அமைப்பு 1951-ல் தொடங்கியது. பதின்வயதினருக்கான அலட்டீன் 1957-ல் வந்தது. நோய்க்கு நீ காரணமல்ல, அதைக் கட்டுப்படுத்த உன்னால் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்ற மூன்று வாக்கியங்கள் அந்த மரபில் வழங்குபவை. மூன்றும் உண்மை. ஆனால் நேரம் தப்பினால் காயப்படுத்தும். ஒரு தாய் தன் குற்றவுணர்வைச் சொல்லி முடிக்கும் முன்பே "நீங்கள் காரணமல்ல" என்று குறுக்கிட்டால், வாயை மூடச் சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்கும். "கட்டுப்படுத்த முடியாது" என்பதைச் சிலர் "செய்வதற்கு எதுவுமே இல்லை" என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

செய்வதற்கு இருக்கிறது. குடும்பத்தார் வழியாகக் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் கிராஃப்ட் (CRAFT) என்ற முறையில், நிதானமாக இருக்கும் நேரத்தை இனிமையாக்குவது, போதையில் இருக்கும்போது விலகிக்கொள்வது, குடியின் விளைவுகளைத் தாங்கள் ஏற்காமல் விடுவது ஆகியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்றிருந்தவர்களில் 64 சதவீதம் பேர் இந்த முறையால் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லாரும் கூடி ஒரே நாளில் நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் 30 சதவீதம், அல்-அனான் வழியில் 13 சதவீதம். அல்-அனான் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதற்காக ஏற்பட்டதல்ல என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்கவேண்டும். எங்களுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: மூன்று வழிகளிலும் குடும்பத்தாரின் நிலை ஏறத்தாழ ஒரே அளவு மேம்பட்டது. குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தாரா இல்லையா என்பதில் மட்டும் அந்த மேம்பாடு தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, அவர் கடனை அடைப்பது, வாந்தியைத் துடைத்துவிட்டு மறுநாள் எதுவும் நடக்காதது போல் இருப்பது, இவற்றை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்று தெரியாமல் அந்த ஒன்றைக்கூடத் தொடவேண்டாம். பொய் சொல்ல மறுத்த இரவில் அடி விழலாம். வன்முறை இருந்தால் பாதுகாப்புத் திட்டம்தான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் அனுப்புங்கள். தம்பதியாக வருபவர்கள் எதிரில் வன்முறை பற்றிய கேள்வியைக் கேட்கக்கூடாது.

மருத்துவ ஆலோசனை நம் வேலையல்ல. ஆனால் மூன்று ஆபத்துகள் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும். முதலாவது, தினமும் அதிகம் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவைக்க நினைப்பார்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம் தொடங்கும். வலிப்பு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரலாம். இல்லாதது கண்ணில் தெரியும் கடுமையான குழப்பம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரலாம், அதில் உயிரே போகலாம். மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே பாதுகாப்பு.

இரண்டாவது, குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலப்பது. தயங்கித் தயங்கி, கூட்டம் முடிந்த பிறகு, கதவருகே வந்து கேட்பார்கள். விவரம் தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து நெஞ்சு படபடத்து உயிர் ஆபத்தில் முடியலாம். மாத்திரையை நிறுத்திய இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. "கூடவே கூடாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறிவுரை கூடாது என்ற விதி இந்த இடத்தில் செல்லாது.

மூன்றாவது, ஹெராயின் போன்றவற்றிலிருந்து சில வாரம் விலகியிருந்து வீடு திரும்பியவர். உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். மூச்சு மெதுவாவது, உதடு நீலமாவது, எழுப்பினால் எழாதது, இவற்றைக் குடும்பத்தார் தெரிந்துவைத்திருக்கவேண்டும். ஹெராயின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து கிடைக்கும் இடங்களில் அது கைவசம் இருக்கட்டும். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

"இனி இருந்து என்ன பயன்" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவர் அவரோடு வெளியே உட்காரவேண்டும், இன்னொருவர் கூட்டத்தைத் தொடரவேண்டும். எப்போதும் இரண்டு பேர் நடத்துவது இதற்காகத்தான்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். யாராவது தன் அண்ணனைப் பற்றிப் பேசினால், உங்கள் கதை தொண்டை வரை வரும். "எங்கள் வீட்டில் இப்படிச் செய்தோம், சரியாயிற்று" என்ற வார்த்தை, சரியாகாத வீட்டிலிருந்து வந்தவருக்குத் தன் தோல்வியாகவே கேட்கும். நடத்துகிற வாரங்களில் அந்தக் கதையை எங்களிடம் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் நடத்திய இருவரும் உட்காருவது அதற்குத்தான். அவசரமென்று அதைத் தவிர்த்தவர்கள் சில மாதங்களில் களைத்து விலகிப் போகிறார்கள். சொந்த எண்ணைக் கொடுக்கவேண்டாம், குழுவின் எண்ணைக் கொடுங்கள். கடன் கொடுக்கவேண்டாம். தனியாக யார் வீட்டுக்கும் போகவேண்டாம்.

அழுபவர் கையில் காகிதக் கைக்குட்டையைத் திணிக்காதீர்கள். "அழுதது போதும்" என்று சொன்னது போலாகிவிடும். பெட்டியை வட்டத்தின் நடுவே, எட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். வரப்போகிறவர்களைவிட இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு, அதில் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் வைப்போம். முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் அதில்தான் உட்காருவார்கள்.

அன்புடன்,
குழுவிலிருந்து நாங்கள்