என் மகளிடம் "ரிசல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள்

நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்க நண்பர்களுக்கும், அக்கா, அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி வாசலில் பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர் என் மகளை நிறுத்தி, "எந்தக் காலேஜ்? ரிசல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்டீர்கள். நான்கு முறையும் சிரித்த முகத்தோடு "இன்னும் இல்லை ஆன்ட்டி", "இன்னும் இல்லை அங்கிள்" என்றாள். காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாட்டிக்கொள் என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கறையில்தான் கேட்கிறீர்கள். கணினி அறிவியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்த உங்கள் பிள்ளைகள் பலருக்கு டிசம்பர் நடுவிலேயே முடிவு வந்துவிட்டது. அந்த வீடுகளில் நாங்களும் வந்து இனிப்பு சாப்பிட்டோம். மார்ச் பாதி கடந்தும் ஒருத்தி மட்டும் காத்திருந்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நடிப்புப் படிப்புக்கு இதுதான் நடைமுறை. அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவள் விண்ணப்பித்தது பதினோரு கல்லூரிகளுக்கு. மதிப்பெண்ணும் கட்டுரையும் அனுப்பினால் போதாது. பெரும்பாலான இடங்களில் முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிமொழிகள், அதாவது ஒருவரே தனியாகப் பேசி நடிக்கும் பகுதிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். ஒரு கல்லூரிக்குத் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். இன்னொன்றுக்கு இடுப்புக்கு மேல் போதும். அக்டோபர் மாதம் முழுவதும் எங்கள் வீட்டு அடித்தளத்தில் நீலப் படுக்கைவிரிப்பைச் சுவரில் கட்டி, அவளுடைய அப்பா கைப்பேசியில் படம் பிடித்தார். பக்கத்து வீட்டில் காய்ந்த இலையை ஊதும் இயந்திரத்தின் சத்தம் நின்ற பிறகு, இரவு ஒன்பது மணிக்குத்தான் தொடங்குவார்கள். பதினொன்றில் ஐந்து கல்லூரிகள் அந்த வீடியோவைப் பார்த்ததோடு இல்லை என்று சொல்லிவிட்டன. ஆறு கல்லூரிகள் நேரில் வரச் சொன்னன.

ஆண்டுதோறும் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய ஊர்களில் பல கல்லூரிகள் ஒரே சமயத்தில் கூடி ஆடிஷன் நடத்துகின்றன. நாங்கள் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போனோம். ஒத்திகை அறைகளை வாடகைக்கு விடும் கட்டடம். கதவுக்குக் கதவு ஒரு கல்லூரியின் பெயர் ஒட்டியிருந்தது. நடைபாதையில் பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் சுவரைப் பார்த்து யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். என் மகள் கண்ணை மூடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கூப்பிட்டார்கள், தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஏழு நிமிடத்தில் வெளியே வந்தாள். நான்கு மாத உழைப்பு அந்த ஏழு நிமிடம்தான். பாட்டிலைத் திரும்ப வாங்கும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

அதன் பிறகு காத்திருப்பு. ஆறில் இரண்டு கல்லூரிகள் இல்லை என்றன. ஒன்று காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. மூன்று இன்னும் இறுதி முடிவைச் சொல்லவில்லை. அந்த மூன்றில் ஒரு கல்லூரி பிப்ரவரி இறுதியில், படிப்பின் அடிப்படையில் இவளை ஏற்றுக்கொண்டதாக எழுதியது. நான் ஓடிப்போய்க் கேசரி கிளறினேன். அவள் சட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாதிதான்" என்றாள். சில பல்கலைக்கழகங்களில் படிப்புக்கு ஒரு வாசல், நடிப்புக்கு வேறு வாசல். இரண்டும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். நடிப்புத் துறையிடமிருந்து இன்றுவரை ஒரு வரி இல்லை. அந்தக் கேசரியை யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

இடம் இவ்வளவு அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் உள்ள புகழ்பெற்ற ஜூலியர்ட் கலைக் கல்லூரியின் நாடகப் பிரிவில் ஓராண்டு வகுப்பு என்பது ஏறக்குறைய இருபதே பேர். குரலுக்கும் உடல் அசைவுக்கும் பயிற்சி தரும் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். எல்லோருக்கும் மேடையில் வேடம் கிடைக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் சேர்ந்தே நடிக்கப்போகும் ஒரு குழுவை அவர்கள் கட்டுகிறார்கள். அதற்குப் பல வகைக் குரல்களும் பல வகை முகங்களும் வேண்டும். நன்றாக நடித்த பிள்ளைக்கும் இதனால் இடம் இல்லாமல் போகலாம். இயற்பியல் தேர்வில் விடை தவறினால் எங்கே தவறினோம் என்று தெரியும். இங்கே "இல்லை" என்று மட்டுமே வருகிறது, ஏன் என்று வருவதில்லை. பதினேழு வயதில் அதை வாங்கிக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

"நடிப்பைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமே" என்று சொன்ன அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் கணினிக்காகக் கனவு காணும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை தொடங்கியது 1914-இல். அமெரிக்காவில் நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் இடம் அது. அங்கே கணினி அறிவியல் துறை வந்தது 1965-இல்தான். நடிப்பை முறையாகப் படிக்க வேண்டிய கலையாக இந்த நாடு நூறு ஆண்டுகளுக்கு மேலாக மதித்து வருகிறது. என் மகளும் அப்படித்தான் நினைக்கிறாள். நானும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டு வயதில் அவளை மேடையேற்றியது நீங்கள்தான். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் தலையில் பஞ்சு ஒட்டி, கையில் ஊன்றுகோலோடு ஔவையாராக வந்தாள். பாதியில் பஞ்சு கழன்று மூக்கில் விழுந்தது. அவள் அதை எடுத்து, வயதான பாட்டி முடியை ஒதுக்குவது போலவே ஒதுக்கிவிட்டு வசனத்தைத் தொடர்ந்தாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலை அவள் இன்றுவரை மறக்கவில்லை. ஆடிஷனில் ஒரு பேராசிரியர் "நடிக்க வேண்டும் என்று எப்போது தோன்றியது?" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னாளாம்.

அதனால் உரிமையோடு கேட்கிறேன். முடிவு பற்றிக் கேட்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். பெரும்பாலான பதில்கள் ஏப்ரல் தொடக்கத்துக்குள் வந்துவிடும்; எங்கே சேருவது என்று மே 1-க்குள் நாங்கள் சொல்லியாக வேண்டும். காத்திருப்புப் பட்டியல் அதற்குப் பிறகும் நகரலாம். எது வந்தாலும் நானே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். எதுவும் வராவிட்டாலும் எழுதுகிறேன். அதுவரை அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். "பாவம்" என்ற பார்வையும் வேண்டாம்.

அவளிடம் கேட்பதற்கு வேறு விஷயம் இருக்கிறது. சித்திரைத் திருநாளுக்கு உங்கள் பிள்ளைகள் பதினான்கு பேரை வைத்து அவள் ஒரு நாடகம் பழக்குகிறாள். யாருக்கு எந்த வேடம், எந்தக் குழந்தை வசனத்தை மறக்கிறது என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவாள். ஒத்திகை ஞாயிறு மாலை மூன்று மணிக்கு, பள்ளிக் கூடத்தில். இந்த ஆண்டும் ஒரு குட்டி ஔவையார் இருக்கிறாள். பஞ்சு கழன்று விழாமல் ஒட்டத் தெரிந்தவர்கள் யாராவது வந்து கைகொடுங்கள்.

அன்புடன்,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா