காசு புரளேல்லை

கோண்டாவில்

அன்புள்ள மச்சான்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. சீட்டுப் பிடிச்சவன் எல்லாற்றை காசோடையும் மாறிட்டான் எண்டு எழுதியிருந்தாய். வாசிச்ச அண்டிரவு எனக்கு நித்திரை இல்லை. லண்டனிலை இவ்வளவு காலம் இருந்தும் கோவம் வரேக்கை உனக்கு வந்த சொல்லு "மாறிட்டான்". அந்தச் சொல்லை வைச்சுத்தான் ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.

கடன் திருப்பாதவனைச் சொல்ல எங்கடை ஆக்களிட்டை எத்தினை சொல்லு! பேய்க்காட்டிப்போட்டான், சுத்திப்போட்டான், அமத்திப்போட்டான், விழுங்கி ஏப்பம் விட்டிட்டான். எல்லாம் குடுத்தவன்ரை சொல்லு. ஒவ்வொண்டிலையும் குற்றஞ்செய்தவன் ஒருத்தன் நிக்கிறான். வாங்கினவன் சொல்லுறதைக் கேள்: காசு புரளேல்லை, கை இறுக்கம், கொழும்பாலை வரவேண்டியது இன்னும் வரேல்லை. தவணையும் அப்பிடித்தான். வெங்காயம் கிண்டட்டும், நல்லூர்த் திருவிழா முடியட்டும், மகன் அனுப்பட்டும். "நான் தாறன்" எண்டு வாயாலை வராது.

பள்ளிக்கூடத்திலை தன்வினை பிறவினை படிப்பிக்கேக்கை உருண்டான், உருட்டினான் எண்டுதான் நான் எழுதிப்போடுறது. புரளுறதும் புரட்டுறதும் அதே மாதிரித்தான் எண்டு அப்ப கண்ணிலை படேல்லை. காசு புரளாதவன் ஒருத்தன், புரட்டுக்காரன் வேறை ஒருத்தன். அவனை இவனெண்டு சொன்னால் அநியாயம். நான் அந்த அநியாயத்தைச் செய்துபோட்டன், மச்சான்.

எங்கடை ஒழுங்கையிலை வெங்காயம் செய்யிற ஒரு பொடியன், 2021 இலை என்னட்டை 75,000 ரூபா கைமாத்து வாங்கினவன். வெங்காயம் கிண்டினவுடனை தாறதெண்டு பேச்சு. அந்த வருசம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினாங்கள். அடுத்த வருசம் மண்ணெண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாட்டி மெசின் இல்லை, மெசின் இல்லாட்டித் தோட்டத்துக்குத் தண்ணி இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அவன் என்னைக் கண்டு சைக்கிளை மற்ற ஒழுங்கைக்குத் திருப்பின அண்டு, சந்தித் தேத்தண்ணிக் கடையிலை நாலு பேருக்கு முன்னாலை "அவன் சுத்துமாத்துக்காரன்" எண்டு சொல்லிப்போட்டன்.

ஒரு மாசம் கழிச்சு அவன்ரை வீட்டை போனன். கூரைத் தடியிலை விதை வெங்காயம் பிடிபிடியாக் கட்டித் தொங்குது. ஒரு பிடியைத் தொட்டன். சருகுதான் கையிலை வந்தது, உள்ளுக்கை ஒண்டுமில்லை. அவன் வாசலிலை நிண்டு, "அண்ணை, காசு புரளேல்லை" எண்டான். அதே சொல்லை எத்தினை தரம் சாட்டு எண்டு தட்டிவிட்டிருப்பன். அண்டைக்கு அது உண்மையெண்டு என்ரை கையிலை கிடந்துது. இப்ப மாசம் ரெண்டாயிரம், மூவாயிரமாக் கொண்டுவந்து தாறான். ஆனா தேத்தண்ணிக் கடையிலை நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வழியில்லை. அந்த நாலு பேரிலை ரெண்டு பேர் இண்டைக்கும் அவனுக்குக் கடன் குடுக்கினம் இல்லை.

என்னட்டைக் கடன் வாங்கின இன்னொருத்தரைப் பற்றியும் எழுத வேணும். அவருக்கு மாடி வீடு, கார் எல்லாம் இருக்குது. என்னட்டை வாங்கினது எழுத்தில்லாக் காசு. கேட்ட நேரமெல்லாம் "நாளைக்கு, நாளைக்கு". முகம் கோணாமல் தேத்தண்ணி தந்துதான் அனுப்புவார். மூண்டு வருசம் கழிஞ்ச பிறகு கேட்க, "அது பழைய கதையெல்லே" எண்டார். பிறகுதான் ஒரு சட்டத்தரணி விளங்கப்படுத்தினவர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில்லாமல் குடுத்த காசுக்கு 3 வருசத்துக்குள்ளை வழக்குப் போட வேணுமாம். எழுத்திலை இருந்தால் 6, ஈடு வைச்சிருந்தால் 10. கடைக் கொப்பிக் கடனுக்கு ஒரு வருசந்தான். அந்தாள் சொன்ன ஒவ்வொரு "நாளைக்கு"ம் அந்த மூண்டு வருசத்திலை ஒரு நாளை வெட்டின வெட்டு. முருகனுக்கு வைச்ச நேர்த்திக்கடன் எண்டால் ஒரு நாளும் பிந்தார். இந்த முறையும் நல்லூர் மணலிலை உருண்டு பிரதட்டை பண்ணினவர். அதுவும் கடன்தான், இதுவும் கடன்தான் எண்டு எங்கடை பாஷை ஒரே சொல்லாலை சொல்லுது. அந்தாளுக்கு அது கேக்கேல்லை. அவரைச் "சுத்துமாத்துக்காரன்" எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. "கொஞ்சம் இழுத்தடிக்கிற ஆள்" எண்டு மெல்லமாத்தான் சொல்லுவினம்.

காணிப் பத்திரத்துக்கு "உறுதி" எண்டு பேர் வைச்ச சனம் நாங்கள். எங்கடை யாழ்ப்பாணத்துப் பழைய வழக்குச் சட்டமான தேசவழமையிலை ஒற்றி எண்டால் காணியையே கையிலை குடுத்து, வட்டிக்குப் பதிலா விளைச்சலை எடுக்க விடுறது. வெறும் வாய்ச்சொல்லு எங்கை சறுக்கும் எண்டு அந்த ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்குது.

உன்ரை சீட்டுக்காரன் நொடிஞ்சு போனவனோ, திட்டம் போட்டு மாறினவனோ எண்டு விசாரிச்சுப் பார். திட்டம் போட்டவன் எண்டால் விடாதை. கட்டின துண்டுகளை எல்லாம் சேர்த்து வை, அங்கத்தைய சட்டம் எத்தினை வருசம் தருகுது எண்டும் கேட்டுவை. நொடிஞ்சவன் எண்டால் அவன்ரை வீட்டுக்கு ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு எனக்கு எழுது.

பொடியன்ரை மனுசி வேப்பம்பூ வடகம் போட்டுத் தந்தவள். தையிலை லண்டனுக்கு வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடுறன். வீட்டிலை எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
உன்ரை பழைய கூட்டாளி